ரஷ்ய மில்லில் நான் வைத்த சந்தனப் பொட்டு

இதை எழுத உட்கார்வதும் எழுந்துவிடுவதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. இதற்கென்று மூன்று நோட்டு வாங்கினேன். ஒன்றில் பேத்தி மயில் வரைந்தாள், ஒன்றில் என் மனைவி ருக்மணி மார்கழிக் கோலங்களைப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவதில்தான் இது. நான் பத்தாவது வரை படித்தவன். ஆனால் தயக்கத்துக்குப் படிப்பு காரணமல்ல. இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல மனது ஒப்பவில்லை, அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னை யாரென்று தெரியாமல் என் கதையை எனக்கே சொன்னார். கோயமுத்தூர்க்காரர் ஒருவர் ரஷ்யாவில் ஒரு மிஷினுக்குப் பொட்டு வைத்தாராம், அது கரண்டே இல்லாமல் ஓடியதாம். அதற்கு அடுத்த இலைக்காரர், "அட இல்லீங்க. பொட்டு வெச்ச ஒடனே மிஷின் வெடிச்சுப்போச்சுங்க. ரஷ்யாக்காரன் தொரத்தி உட்டுட்டானுங்க" என்றார். நான் தலையைக் குனிந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். முருகன் பெயர் என்னால் இப்படி இரண்டு பக்கமும் இழுபடுகிறதே என்று அன்றைக்குத்தான் பேனாவை எடுத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பீளமேட்டில், நூல் மில்களுக்கு மிஷின் செய்யும் ஒரு கம்பெனியில் பிட்டராக இருந்தேன். ரஷ்யாவிலிருந்து ஆர்டர் வந்தது. மொழிபெயர்ப்பாளரை அனுப்பினால் அவருக்கு மிஷின் தெரியாது, மிஷின் தெரிந்தவனே மொழியைக் கற்றுக்கொள்ளட்டும் என்று முதலாளி முடிவு செய்தார். பதினோரு பேரை மாலை வகுப்பில் சேர்த்துவிட்டார். ரஷ்யாவில் ஐந்து வருடம் படித்துவிட்டு வந்த மாலதி என்ற பெண், தன் வீட்டு மாடி அறையில் சொல்லிக்கொடுத்தார். எங்களைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

முதல் புத்தகம் முடியும்போது மூன்று பேர் மிஞ்சினோம். இரண்டாவது புத்தகத்தில், அதாவது இடைநிலையில், நான் மட்டும். முதல் புத்தகத்தில் எல்லாரும் நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள், நூலகம் எங்கே என்று மட்டும் கேட்பார்கள். இரண்டாவது புத்தகத்தில் அந்த மரியாதை கிடையாது. கேள்வி கேட்க நமக்கு வரும். பதிலில் பாதிதான் பிடிபடும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு தலையாட்ட வேண்டும். போவதற்கே எத்தனை சொற்கள். நடந்து போனால் ஒன்று, வண்டியில் போனால் ஒன்று, போய்த் திரும்பிவிட்டால் இன்னொன்று.

"அங்கிள், மருதமலைக்கு எப்படிப் போனீங்க? நடந்தா, பஸ்லயா?"

"அடிவாரம் வரைக்கும் பஸ்ஸுங்க. மேல படியேறித்தானுங்க."

"அப்ப ரெண்டு வாக்கியமாச் சொல்லுங்க."

வீட்டில் ருக்மணி கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே, நான் தமிழ் எழுத்தில் எழுதிவைத்ததைப் பார்த்துப் பாடம் கேட்பாள். "ஏனுங்க, நாப்பது வயசுல இஸ்கூல் பையனாட்டம் ஒப்பிக்கறீங்க. மில்லு ரோட்டுல நடந்து போறப்பவும் வாயி அசையுதாம். பக்கத்தூட்டு அம்மணி உங்களுக்கு என்னாச்சுன்னு கேக்குது."

"மந்திரம் சொல்றேன்னு சொல்லிப்போடு."

கடைசி வகுப்பில் மாலதி டீச்சர் சொன்னதை மட்டும் இங்கே குறித்துவிடுகிறேன். "என்ன ஏதுன்னே புரியலைன்னா வெட்கப்படாதீங்க அங்கிள். யா நி பனிமாயுன்னு சொல்லுங்க. எனக்குப் புரியவில்லைன்னு அர்த்தம். குடை மாதிரி. எப்ப வேணும்னாலும் விரிச்சுக்கலாம்." அந்தக் குடையை நான் எங்கே விரித்தேன் என்பதுதான் இந்தக் கதை.

நானும் மதுக்கரை ஜோசப்பும் போனோம். ஜோசப் எலக்ட்ரீஷியன், என்னைவிட இளையவர், வாய் நிற்காது. மாஸ்கோவிலிருந்து ஒரு பகல் ரயிலில் போகிற நெசவு ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு அம்மாவின் வேலைச் சங்கதி இதில் வருகிறது.

பங்குனி மாதம். அங்கே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வலந்தீனா அம்மாவின் வீட்டில் எங்களுக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். மூன்றாவது மாடி. சமையலறை மூலையில் மாதா படம், கீழே சின்ன விளக்கு. நான் கொண்டுபோயிருந்த முருகன் படத்தை எங்கே வைப்பது என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா வாங்கிப் பார்த்தார். மயிலைத் தடவினார். "யார் இந்த இளைஞன்?" என்றார். "கடவுள்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு மாதா படத்துக்குக் கீழேயே வைத்துவிட்டார்.

நான் பங்குனி உத்திரத்துக்கு விரதம். ஜோசப்புக்குத் தவக்காலம். அந்த அம்மாவுக்கும் ஈஸ்டர் வரை பெரிய நோன்பு, பால்கூடத் தொடமாட்டார். மூன்று பேர், மூன்று நோன்பு, தினமும் ஒரே முட்டைக்கோஸ் சூப். கறுப்பு ரொட்டி, உப்பில் ஊறிய வெள்ளரிக்காய், கிரேச்சா என்று ஒரு தானியம். அதை வேகவைத்தால் வரகுச் சோற்றுக்குப் பக்கத்தில் வரும். நான் அதன்மேல் கொள்ளுப் பொடியைத் தூவிப் பிசைந்தேன். அந்த அம்மா ஒரு வாய் கேட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாளும் கேட்டார்.

"நாச்சிண்ணா, மூணு சாமியும் கூடிப் பேசித்தான் நம்மளப் பட்டினி போடுதுங்க" என்பார் ஜோசப். பொள்ளாச்சி வெல்லத்தை ஒரு துண்டு கொடுத்தேன். அந்த அம்மா அதைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினார். அன்றிலிருந்து டப்பா அவருடையது.

முதல் வாரத்தில் டிராமில் ஏமாந்தேன். எண் சரியாக இருந்தது, திசை தவறு. நம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் நம்மைத் தேடி வருவார். அங்கே சுவரில் மாட்டிய ஒரு கருவியில் நாமே டிக்கெட்டை ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் எட்டாதவர்கள் டிக்கெட்டைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புகிறார்கள், அது ஓட்டையோடு அதே வழியில் திரும்பி வருகிறது. காந்திபுரம் பஸ்ஸில் சில்லறை போய் வருவதைப் போலத்தான். அதைப் பார்த்துக்கொண்டே கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். பக்கத்திலிருந்த பெரியவரிடம் வழி கேட்டேன். நீளமாகப் பதில் சொன்னார். 'பாலம்', 'பிறகு', 'ஐயோ பாவம்' மூன்றும் புரிந்தன. டிராம் ஓட்டிய பெண்மணி என்னை முதல் இருக்கையில் உட்காரவைத்து, ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "இந்தியாக்காரர், மில்லில் இறக்கிவிட வேண்டும்" என்று அறிவித்துக்கொண்டே திரும்ப ஓட்டினார். மில் வந்ததும் மொத்த டிராமும் சேர்ந்து சத்தம் போட்டு என்னை இறக்கிவிட்டது.

மில்லில் எங்களுக்குக் கொடுத்த ஆள் கலீனா. ஐம்பது வயதிருக்கும். தலையில் வெள்ளைத் துணி கட்டியிருப்பார். இருபத்தெட்டு வருடம் பஞ்சில் நின்றவர். நாங்கள் பொருத்தியது ட்ராயிங் மிஷின். பஞ்சு கயிறு கயிறாக, திரியாக வரும், அதை இழுத்துச் சீராக்குகிற மிஷின். அதை ஓட்ட அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது நான். நடந்ததோ பாதி மறுபக்கம்.

"நீ வானொலிச் செய்தி மாதிரி பேசுகிறாய், நாச்சி" என்றார் முதல் நாளே. நாச்சிமுத்து என்ற என் பெயர் அவர் வாயிலும் நாச்சி ஆகிவிட்டது. நான் ஒரு வாக்கியம் சொன்னால், ஸ்பானரைப் பிடித்துக்கொண்டே அதைத் திருத்திச் சொல்வார். நான் திரும்பச் சொன்ன பிறகுதான் ஸ்பானர் என் கைக்கு வரும். எனக்கு எந்தச் சொல் புரியும், எது புரியாது என்று இரண்டு வாரத்தில் மாலதி டீச்சரைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

அந்த மிஷின் எங்கள் கம்பெனியின் புது மாடல். ஒரு பக்கம் சின்ன விளக்கு, எதிர்ப்பக்கம் பொத்தான் அளவு கண்ணாடிக் கண். நடுவில் பஞ்சுத் திரி ஓடும். திரி அறுந்தால் வெளிச்சம் கண்ணில் படும், மிஷின் நின்றுவிடும். இதைக் கலீனாவுக்கு விளக்க முந்தின நாள் மாலை முழுவதும் வாக்கியம் கட்டினேன். "திரி அறுந்தால் இது தானாகவே நிற்கும். நீங்கள் பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டாம்." கலீனா ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. "அருமை" என்றார். அன்று சாயங்காலம் டிராமில் நான் தரையில் கால் பாவாமல் வந்தேன்.

வெள்ளிக்கிழமை பூஜை. பூஜை போடாமல் மிஷினை ஒப்படைக்கிற வழக்கம் எங்கள் கம்பெனியில் கிடையாது. பஞ்சு இருக்கிற இடத்தில் கற்பூரம் கொளுத்தக் கூடாது என்பதால் வாசலில் பனிமேல் வைத்து ஏற்றினேன். அது பனியில் குழி பறித்துக்கொண்டே எரிந்ததைப் பெண்கள் கூடி நின்று பார்த்தார்கள். உள்ளே வந்து மிஷினுக்குத் திருநீறு பூசி, மோட்டாருக்கு, சுவிட்சுக்கு, நான்கு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பதினெட்டு வருடப் பழக்கம். கை தன் போக்கில் போகும். நம் ஊரில் லாரிக்குப் பொட்டு வைக்கும்போது முன்விளக்குக்கு வைக்காமல் விடுவோமா. உருண்டையாக ஒரு கண்ணாடியைக் கண்டதும் கட்டைவிரல் தானாகப் போய் அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டது. பிறகு மிஷினின் மூடியைச் சாத்திவிட்டேன்.

கண்ணை மூடிவிட்டால் மிஷினுக்கு என்ன தெரியும். திரி ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை அது நடந்தது. கலீனா திரி விழுகிற காலி டின் ஒன்றை எடுக்க அடுத்த பகுதிக்குப் போயிருந்தார். திரி அறுந்தது. மிஷின் நிற்கவில்லை. பஞ்சு உருளையில் சுற்றிச் சுற்றி இறுகி, உருளையின் ரப்பர் கிழிந்து, பல்சக்கரம் இரண்டு உடைந்து, ஒரு அலறலோடு நின்றது. நாங்கள் ஓடினோம். ஜோசப் மூடியைத் திறந்தார். கண்ணாடியில் காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும். இரண்டு பேரும் பார்த்தோம். யாரும் வருவதற்குள் ஜோசப் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

"கம்முனு இருங்ணா. இன்னும் நாலு மிஷின் ஆர்டர் இருக்குது. பொட்டு வெச்சுக் கெட்டுதுன்னா கம்பெனி மானமும் போயிரும், உங்க முருகன் மானமும் போயிரும்."

மில் டைரக்டர் வந்தார். நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். "மிஷினை விட்டுவிட்டு எங்கே போனாய்?" என்று கலீனாவைக் கேட்டார். கலீனா நிமிர்ந்து, "தானாக நிற்கும், காவல் வேண்டாம் என்று இந்தியர் சொன்னார்" என்றார். டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் அப்படிச் சொன்னீர்களா?"

ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. அவ்வளவு தெளிவாக ரஷ்ய மொழி எனக்கு அதற்கு முன் புரிந்ததே இல்லை.

"யா நி பனிமாயு" என்றேன்.

டைரக்டர் கையை உதறினார். நாளைக் காலை கையெழுத்துப் போடுகிறேன், இந்த அம்மாவைக் கூட்டுகிற வேலைக்கு மாற்றுங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. கூட்டுகிறவர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கலீனா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எனக்கு எது புரியும் என்று அவருக்குத் தெரியும். அது ஒன்றுதான் அந்தப் பார்வையில் இருந்தது. தலைத்துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை சூப் இறங்கவில்லை. மூலையில் முருகன் படம். திருநீறு வைத்துக்கொள்ளக் கை எழவில்லை. இந்த விரதம் யாருக்கு என்று நினைத்தேன். காபிகூடக் குடிக்காமல் பட்டினி கிடக்கிறேன், வாயில் பொய். வலந்தீனா அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார். ஆளைப் பார்த்தே தெரிந்துகொள்கிறவர்.

"ஒருவன் தப்பு செய்கிறான். அடி இன்னொருவருக்கு விழுகிறது. அப்போது அவன் என்ன சொல்ல வேண்டும்?" என்று என் ரஷ்ய மொழியில் தட்டுத்தடுமாறிக் கேட்டேன்.

"நீளமாகவா, சுருக்கமாகவா?"

"சுருக்கமாக."

"எத்தா யா. அனா நி வினவாத்தா." இது நான். அவள் குற்றவாளி அல்ல. விரலை மடக்கிக் காட்டினார். "இது, நான், அவள், இல்லை, எல்லாம் உனக்குத் தெரிந்த சொற்கள். புதுச் சொல் ஒன்றுதான். ஒரு சொல்லுக்காகவா சாப்பிடாமல் இருக்கிறாய்?" ரொட்டியை என் பக்கம் தள்ளினார்.

காலையில் ஜோசப்பிடம் சொன்னேன். நான் நினைத்த மாதிரி தடுக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டே, "தொடச்சது நானுங்ணா. தவக்காலத்துல எனக்கு மட்டும் தூக்கம் வந்துச்சுங்களா. வாங்க போலாம்" என்றார்.

டைரக்டர் அறையில் கலீனாவும் மேஸ்திரியும் நின்றார்கள். மேஜைமேல் காகிதம். நான் குங்குமச் சிமிழையும் சந்தனக் கட்டியையும் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். "எத்தா யா. அனா நி வினவாத்தா" என்றேன். அதற்குமேல் மனப்பாடம் இல்லை. கிடைத்த சொற்களைப் பிடித்துக்கொண்டு போனேன். வேலை தொடங்கும் முன் கடவுளைக் கேட்போம். யாருக்கும் கையில் அடி படக் கூடாது என்று கேட்போம். அடையாளம் வைப்போம். நான் தவறான இடத்தில், கண்மேல், வைத்துவிட்டேன். கடவுள் குற்றவாளி அல்ல. மிஷின் குற்றவாளி அல்ல. தானாக நிற்கும் என்று சொன்னதும் நான். நேற்று எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று பொய் சொன்னேன்.

டைரக்டர் சந்தனக் கட்டியை எடுத்து மோந்து பார்த்தார். காகிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டார். பிறகு என்னைப் பார்த்துப் படபடவென்று நீளமாக ஏதோ சொன்னார். முகத்தைப் பார்த்தால் திட்டாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். உண்மையாகவே ஒரு சொல்லும் பிடிபடவில்லை. என்ன செய்வேன்.

"யா நி பனிமாயு" என்றேன்.

முதலில் சிரித்தது கலீனா. பிறகு மேஸ்திரி. கடைசியில் டைரக்டரும்.

நாங்கள் கொண்டுபோயிருந்த உதிரிப் பாகங்களைப் போட்டு மூன்று நாளில் மிஷினை ஓட்டினோம். ஸ்விட்ச் போடும் முன் கலீனா, "உன் அடையாளம் எங்கே?" என்று கேட்டார். எனக்குக் கை வரவில்லை. "நான் இடம் காட்டுகிறேன்" என்று குனிந்து மிஷினின் இரும்புக் காலைத் தட்டினார். அங்கே வைத்தேன். பங்குனி உத்திரத்தன்று வாசலில் மிச்சமிருந்த பனியில் மிச்சமிருந்த கற்பூரத்தை ஏற்றினேன்.

ஊருக்கு வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. நாலு மிஷினில் இரண்டுக்குத்தான் பிறகு ஆர்டர் வந்தது. அவற்றைப் பொருத்த வேறு ஆளை அனுப்பினார். மாலதி டீச்சர் திருமணமாகிப் போய்விட்டார். மூன்றாவது புத்தகம் எனக்கு வாய்க்கவில்லை, இன்றைக்கும் நான் இடைநிலைதான். அந்தக் கம்பெனியில் இப்போதும் மிஷினுக்குப் பொட்டு காலில்தான் வைக்கிறார்கள். ஏனென்று புதுப் பையன்களுக்குத் தெரியாது.

வந்த கொஞ்ச நாளில் கலீனாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ருக்மணி, "அந்தம்மாவுக்கு எம் பேரையும் எழுதுங்க" என்றாள், எழுதினேன். இரண்டு மாதம் கழித்து உறை வந்தது. பிரித்தால் என் கடிதமே திரும்பியிருக்கிறது. வரிக்கு வரி சிவப்பு மையில் திருத்தம். அடியில் நாலு வரி பதில்: மிஷின் நன்றாக ஓடுகிறது. சனிக்கிழமை சுத்தம் செய்யும்போது காலில் இருக்கும் பொட்டை மட்டும் நான் துடைப்பதில்லை. வலந்தீனா வெல்லம் கேட்கிறாள். போவது வருவதற்கான சொற்களை நீ இன்னும் படிக்க வேண்டும்.

அந்தக் கடிதம் பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு பக்கத்திலும் சிவப்பு மை படாத வரி ஒன்றே ஒன்றுதான். மேலே முதல் வரி. எத்தா யா, நாச்சி.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை யாருக்காவது சொல்வதாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். என் எழுத்தில் பிழை இருந்தால் கலீனாவைப் போல் திருத்திக்கொள்ளுங்கள், நடந்ததைத் திருத்த வேண்டாம். மிஷின் கரண்டில்லாமல் ஓடவில்லை, வெடிக்கவும் இல்லை. பொட்டு வைத்தது நான். புரிந்ததைப் புரியவில்லை என்றதும் நான். அந்த முதல் வரியைக் கலீனா விட்டுவைத்தது போல, இதையும் இருக்கிறபடியே விட்டுவையுங்கள்.